ரெஃப்ரி காயு

"ரெஃப்ரி காயு."

விசில் சத்தம் அடங்குவதற்குள் பரமசிவம் கத்திவிட்டார். நடுவரை மரக்கட்டை என்று மலாயில் திட்டுகிற அந்த வார்த்தையை இங்கே பந்தாட்டம் பார்க்க வருகிற யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்துக்கொண்டே சேர்ந்து கத்தினார்கள்.

தெம்பனிஸ் திடலின் நடுவில் நின்ற நடுவர் பெண் திரும்பிப் பார்க்கவில்லை. சிவப்புச் சட்டைக்காரர் ஒருவரிடம் மஞ்சள் அட்டையைக் காட்டிவிட்டு நகர்ந்தாள்.

"தொண்டை போயிடும்லா அண்ணே," என்றார் பக்கத்தில் நின்ற ஹுசைன். அட்டை வாங்கியவர் அவருடைய மைத்துனர். "நீங்களும் நம்ம சிவப்பு டீம்தானா?"

பரமசிவம் தண்ணீர் குடித்தார்.

"போன மாசம் வந்த ரெஃப்ரிய கார்பார்க் வரைக்கும் துரத்திட்டுப் போனாங்க. அதோட அவரு வர்றதையே நிறுத்திட்டாரு. அதுக்கு முன்னாடி வந்தவரும் அப்படித்தான். இந்தப் பொண்ணு எவ்வளவு நாள் தாங்குதுன்னு பாப்போம்."

"தாங்கும்," என்றார் பரமசிவம்.

இடைவேளையில் அவர் திடலைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். இரண்டாம் பாதி முழுக்க நீலச் சட்டைக்காரர்களின் ஆட்கள் நடுவே நின்றுகொண்டு, நீலத்துக்கு எதிராக விசில் ஊதும்போதெல்லாம் முதல் ஆளாகக் கத்தினார்.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் நீலத்துக்கு எதிராக ஒரு பெனால்டி. பக்கத்தில் நின்றவன் வாயருகே கையைக் குவித்து, நடுவரின் அம்மாவை இழுத்து ஏதோ ஆரம்பித்தான்.

பரமசிவம் முந்திக்கொண்டார். கழுத்து நரம்பு புடைக்க "காயு, காயு" என்று கூவினார். கூட்டம் கைதட்டித் தாளம் போட்டது. ஆரம்பித்தவனும் சொல்ல வந்ததை விட்டுவிட்டுத் தாளத்தில் சேர்ந்துகொண்டான்.

பெனால்டி கோலாகி ஆட்டம் முடிந்தது. யாரும் திடலுக்குள் இறங்கவில்லை. யாரும் எதையும் வீசவில்லை. எல்லாரும் காயு பாடிக்கொண்டே சாப்பிடப் போனார்கள்.

கார்பார்க்கில் பரமசிவம் ஏர்கானைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். நடுவர் பெண் வந்து முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்து, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"இதோட நிறுத்திக்கிறேன்னு போட்டி நடத்துறவங்ககிட்ட சொல்லிட்டேன்பா."

பரமசிவம் அவள் பக்கம் திரும்பினார். கத்திக் கத்திப் பாதிக் குரல்தான் வந்தது.

"ஏன்மா சிவானி? கெட்ட வார்த்தை ஒண்ணுகூட உன் காதுல விழக்கூடாதுன்னுதானே நான் முந்திக்கிட்டுக் கத்துனேன். நான் கத்துனா எல்லாரும் சிரிச்சுட்டு அதையே கத்துறாங்க. ஒருத்தனையும் வேற பேச விடலையே."

சிவானி கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவங்க பேசினது எதுவும் கேக்கலப்பா. உங்க குரல் மட்டும்தான் கேட்டுச்சு."