லைனிங் வேண்டாம்

"ஜாலர் வேண்டாம். குஞ்சம் வேண்டாம். காத்துக்கு ஆடற மாதிரி லேசா இருந்தா போதும், தம்பி" என்றாள் மாமியார்.

கர்ட்டன்காரர் ஏணி மேல் நின்று, ஹால் ஜன்னலின் பழைய வெல்வெட் திரையைக் கழற்றிக்கொண்டிருந்தார். தரை வரைக்கும் தொங்கிய கனத்த துணி. இன்னும் பல வருஷம் உழைக்கும்.

"உங்க வயசுக்காரங்க பொதுவா கனமாத்தான் கேப்பாங்கம்மா."

"ஜன்னலை அளக்கச் சொன்னா என் வயசை அளக்கறியே!"

அவர் சிரித்துவிட்டார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மருமகள் சிரிக்கவில்லை.

"அத்தை, அவருக்கு இது பிடிக்காது. பழசே இருக்கட்டுமே."

"உன்னை யாரும் கேக்கல. ஏணியைப் பிடி."

கர்ட்டன்காரருக்குச் சுருக்கென்றது. புதுசு வேண்டும் என்று மருமகள் கேட்பாள், மாமியார் முட்டுக்கட்டை போடுவாள். அவர் ஏறி இறங்கிய வீடுகளில் அதுதான் வழக்கம். இங்கே எல்லாம் தலைகீழ். அதட்டல் மட்டும் மாறவில்லை.

மகன் ஆபீஸிலிருந்து வந்தான். "ஏணி மேல நின்னு வேலை பாக்கறாரே, அவருக்குக் காபி குடுத்தியா?" என்று முதலில் மனைவியைக் கேட்டான். அப்புறம்தான் ஜன்னலில் பாதி மாட்டியிருந்த புது மெல்லிசுத் திரையைப் பார்த்தான்.

"என்னம்மா இது, கொசுவலை மாதிரி?"

"இப்ப இதான் ஸ்டைல்."

"நமக்கு எதுக்கும்மா ஸ்டைல்? எதிர்ல பூரா பிளாட். வீட்டு விஷயம் வீட்டோட இருக்க வேண்டாமா?"

குரல் கொஞ்சமும் உயரவில்லை. அம்மாவிடம் இவ்வளவு தணிந்து பேசும் பிள்ளையைப் பார்த்து நாளாயிற்று என்று கர்ட்டன்காரர் நினைத்துக்கொண்டார்.

"என் வீடு, என் ஜன்னல். நான் இருக்கற வரைக்கும் இதுதான் தொங்கும்."

மருமகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் ஒண்ணும் சொல்லலீங்க. அத்தைதான்..." என்றாள் கணவனிடம் அவசரமாக.

"எனக்குத் தெரியாதா?" என்று புன்னகைத்தான் அவன். போன் அடித்தது. பேசிக்கொண்டே வெளியே போய்விட்டான்.

இருட்டத் தொடங்கியபோது வேலை முடிந்தது. மாட்டி முடித்ததும் தெருவில் நின்று ஒருமுறை பார்ப்பது கர்ட்டன்காரரின் பழக்கம். மடிப்பு நேராக விழுகிறதா என்பது தள்ளி நின்றால்தான் தெரியும்.

மடிப்பு நன்றாகத்தான் விழுந்திருந்தது. ஆனால் ஹாலில் லைட் போட்டிருந்தார்கள். சோபா, டீவி, சுவரில் மாட்டிய கடிகாரம் எல்லாமே தெரிந்தன. எதிர் பிளாட் பால்கனியில் நின்ற ஒருவர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தவருக்கு மனசு கேட்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்கம்மா. உங்க மருமக காபி கப்பை எடுத்துட்டு உள்ளே போனது வரைக்கும் ரோட்டுல தெரியுது. உள்பக்கமா ஒரு லைனிங் வெச்சுத் தைச்சுடறேன். உங்க பிள்ளை முகத்துக்காக, காசுகூட வேண்டாம்."

"லைனிங் வேண்டாம். அந்தப் பழசையும் நீயே கொண்டு போயிடு. இங்க இருந்தா எடுத்து மாட்டிடுவான்."

"தங்கமான பிள்ளை, அவ்வளவு தணிஞ்சு கேக்கறார். அப்படி என்னம்மா பிடிவாதம்?"

மாமியார் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். மருமகள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"திரையை இழுத்து மூடிட்டுத்தான் தம்பி அவளை அடிப்பான். பெத்தவ குறுக்கே விழுந்தும் பாத்துட்டேன், அடங்கல. எதிர் பிளாட்டுக்காரங்க பாக்கறாங்கன்னா அடங்குவான்."