ஆறு பேர்தான்

ஞாயிறு மதியம். திண்டிவனத்து வீட்டின் சமையலறையில் அம்மா மல்லாட்டை உடைத்து வேர்க்கடலைப் பருப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். கூடத்துக் கம்ப்யூட்டரில் கலைப்பிரியா துப்பாக்கிச் சண்டை கேம் ஆடினாள். அவள் எப்போதும் எடுப்பது ஹீலர் பாத்திரம். அடிபட்ட கூட்டாளிகளுக்கு உயிர் ஏற்றுவதுதான் அதன் வேலை. அணிக்கு ஆறு பேர், அவளைக் கழித்தால் ஐந்து. ஆட்டம் முடிந்து ஹீலர் இருபதாம் லெவலுக்கு ஏறியபோது, குணமானவர்கள் ஆறு என்று திரை காட்டியது.

“உன்னியும் சேத்துக்கினு சொல்லுது போல” என்றான் அண்ணன் சுகுமார்.

“ஹீலரு தன்னைக் குணமாக்கிக்க முடியாதுண்ணா.”

சுகுமாருக்கு முழங்கால் அரித்தது. காலையில் கூட்டேரிப்பட்டில் பைக் சறுக்கி ஐந்து தையல் போட்ட இடம். கட்டைப் பிரித்தான். தையலும் இல்லை, தழும்பும் இல்லை.

விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “ராசியான நாளு. தள்ளு, என் ஆளையும் லெவல் ஏத்திடறேன்.”

“வேணாம்ண்ணா.”

அவன் ஆள், தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுகிறவன். எதிரணியிலும் ஆறு பேர்தான். ஒருவரை எத்தனை முறை சுட்டாலும் ஒன்றுதான் கணக்கு. கலைப்பிரியா திரையில் செத்தவர்கள் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து. ஆறு. சுகுமார் மறுபடியும் குறிபார்த்தான்.

ஏழு.

சமையலறையில் மல்லாட்டை உடைபடும் சத்தம் நின்றது.