பூ தெரியும் அளவு

பூ தெரிகிறதா என்று பார்த்துத்தான் நான் சாப்பிடுவேன்.

தட்டின் நடுவில் இருக்கும் நீலப் பூ. அம்மா போன பிறகு அவளுடைய பீங்கான் தட்டுகளைத் தங்கையும் நானும் பிரித்துக்கொண்டோம். எல்லாவற்றிலும் அதே பூ.

தங்கை தினமும் மதியச் சாப்பாட்டைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவாள். ஓரமாகக் கொஞ்சம் சோறு, கொஞ்சம் காய். நடுவில் பூ முழுசாகத் தெரியும். கீழே ஊரே இதயம் போட்டிருக்கும்.

இத்தனூண்டு சாப்பிட்டு எப்படி அந்தச் சிரிப்பு? அந்தக் கன்னம்?

வயிறு எரியும். பசியா, வேறொன்றா என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை.

நானும் பூவை மூடாமல் சாப்பிடத் தொடங்கினேன். மோதிரம் தானாகக் கழன்றது. ஆபீஸ் மாடிப்படியில் பாதியில் நின்று, போன் பேசுவதுபோல் நடிக்கப் பழகினேன்.

இன்று, அவள் படமெடுக்கும் நேரம் பார்த்து, அவள் வீட்டுச் சமையலறையில் நிற்கிறேன்.

அலமாரியின் மேல்தட்டிலிருந்து இரண்டு கையாலும் ஒரு தட்டை இறக்கினாள். விருந்தாளிகள் வந்தால் அம்மா பரிமாற எடுக்கும் பெரிய தட்டு. பங்கில் அது அவளுக்குப் போனதை மறந்தே போயிருந்தேன். படத்தில் தட்டுக்கு ஏது அளவு?

நடுவில் நீலப் பூ, என் உள்ளங்கை அகலத்துக்கு. அதைச் சுற்றிக் கரண்டி கரண்டியாகச் சோற்றை வைத்தாள். என்னுடைய இரண்டு நாள் சாப்பாடு.

பூ முழுசாகத் தெரிந்தது.

என் தட்டு சின்னது என்பதைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்னக்கா, இப்படிச் சிக்குன்னு ஆயிட்ட! உன் பக்கத்துல நின்னா நான்தான் அக்கா மாதிரி இருக்கேன். வயித்தெரிச்சலா இருக்கு, போ. அப்படி என்னதான் பண்ற?"

அவள் பிறந்ததிலிருந்தே இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன்.

"ஒண்ணும் பண்ணலடி. உன்னை மாதிரிதான் சாப்பிடுறேன்."

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டேன். கிறுகிறுப்பு அடங்கியதும், எனக்குச் சின்னத் தட்டு போதும் என்றேன்.

பெரிய தட்டில் இருந்ததையெல்லாம் அவள் திரும்பப் பாத்திரத்தில் கொட்டினாள். இரண்டு சின்னத் தட்டுகளை எடுத்துவந்தாள். என்னுடையதைப் பார்த்துப் பார்த்துத் தன்னுடையதில் வைத்தாள்.

இரண்டிலும் பூ தெரிந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் தட்டிலிருந்து ஒரு கரண்டிச் சோற்றை எடுத்துப் பாத்திரத்தில் போட்டேன்.

அவளும் எடுத்தாள்.