வேலாயுதத்தின் கையுறை

"ஏண்ணே, எங்களத் தொடறதுக்கே உங்களுக்கு அசிங்கமா இருக்கா?"

இராமலிங்கத்துக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. பண்டமாரான் ஊர்க் காவடிக் குழுவுக்கு அவர்தான் தலைவர். தொண்ணூற்று நாலாம் வருஷத் தைப்பூசம். பத்துமலை ஆற்றில் குளித்துவிட்டுப் பன்னிரண்டு பேர் அலகு குத்திக்கொள்ள வரிசையில் நிற்கிறார்கள். குத்த வேண்டிய வேலாயுதமோ ஆஸ்பத்திரிக் கையுறையை மாட்டிக்கொண்டிருக்கிறார்! போதாக்குறைக்கு, கொதிக்கவைத்த புது அலகு, ஆளுக்கு ஒன்று.

"வருஷா வருஷம் வெறும் கையாலதானே குத்துவீங்க? விபூதிய மிஞ்சின மருந்து இருக்கா?"

"காலம் மாறிப்போச்சு லா, தம்பி."

இராமலிங்கத்துக்குப் புரிந்துவிட்டது. எல்லாம் முதல் ஆளாக நிற்கிற ஜெயராஜால் வந்த வினை. ஒரே வருஷத்தில் பாதியாகிப்போனவன். மாதக்கணக்கில் காய்ச்சல், இருமல், கழுத்தில் கட்டி வேறு. டிவியில் எய்ட்ஸுக்குச் சொல்கிற அடையாளம் ஒன்று பாக்கியில்லை.

"டேய் ஜெயராஜ், தள்ளி நில்லு. உனக்கு இந்த வருஷம் அலகு வேணாம். பால்குடம் எடுத்துக்கோ."

ஜெயராஜுக்குக் கண் கலங்கியது. "எனக்குக் காசம்தாண்ணே. மருந்தெல்லாம் முடிச்சுட்டேன். பிழைச்சு எழுந்தா அலகு குத்துறேன்னு முருகனுக்கு வேண்டியிருக்கேன்."

"வாய் ஆயிரம் சொல்லும். உடம்பு பொய் சொல்லுமா? அண்ணனப் பாரு, அம்பது வயசுல தேக்குமரம் மாதிரி நிக்கிறாரு. அது உடம்பு!"

வேலாயுதம் சிரித்தார். "உடம்பும் பொய் சொல்லும் தம்பி. அந்தக் கிருமி உள்ள வந்தா வருஷக்கணக்கா வெளிய ஒண்ணும் தெரியாம இருக்கும். சாப்பிடலாம், தூங்கலாம், லோரி ஓட்டலாம். இப்படி இளைச்சுப்போறதெல்லாம் பெரும்பாலும் கடைசிக் கட்டத்துலதான். காசத்துக்கும் இதே காய்ச்சல், இதே இளைப்பு. ரத்தத்தப் பார்க்காம யாரும் சொல்ல முடியாது."

"டாக்டர் மாதிரி பேசுறீங்களே! இவனுக்கு இல்லேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வேணாம்ணே, சொல்லாதீங்க" என்று பதறினான் ஜெயராஜ். "நான் பால்குடமே எடுத்துக்கிறேன்."

வேலாயுதம் அவன் தோளைப் பிடித்து முக்காலியில் உட்காரவைத்தார். விபூதி பூசினார். "வேல்! வேல்!" என்று கூட்டம் முழங்க, கன்னத்தில் அலகை ஏற்றினார். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை.

"ரத்தம் சோதிச்ச அன்னிக்கு ஆஸ்பத்திரியில இவன் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். 'எனக்கு இல்லண்ணே'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். அத உங்ககிட்டச் சொன்னா, 'கூட யாரு இருந்தா, அவரு எதுக்கு அங்க வந்தாரு'ன்னு கேப்பீங்க, நான் மாட்டிக்குவேன்னு, எட்டு மாசமா எல்லார் பேச்சையும் வாங்கிக் கட்டிக்கிட்டான்."

இராமலிங்கம் அந்தக் கையுறையைப் பார்த்தார். "அப்ப... உங்களுக்கு?"

வேலாயுதம் பழைய கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசை மாட்டினார். நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

"எனக்கு இருக்கு தம்பி. இருபத்தொரு வருஷமா என் கையால ஒருத்தனுக்கும் ஒரு கெடுதி வந்ததில்ல. இனியும் வரக்கூடாது. அதுக்குத்தான் இந்தக் கையுறை. அடுத்தது யாரு?"

வரிசை அசையவில்லை.

இராமலிங்கம் முன்னால் வந்தார். முக்காலியில் உட்கார்ந்து நாக்கை நீட்டினார்.