கழுத்தளவு

“கழுத்தளவுன்னு சொன்னது நீங்கதானா ஐயா?”

கேட்பதற்கே மெரின் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. வாசலில் நின்ற இராமதாஸ் ஆறடிக்கு மேல் இருந்தார். நிலையில் தலை இடிக்காமலிருக்கக் குனிந்து குனிந்து பழகிய முதுகு.

“ஆமாம்மா. நான்தான் சொன்னேன்.”

எதிர்வீட்டு வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்த சகாயசெல்வி சிரித்துவிட்டார்.

“அவரு கழுத்துக்குத் தண்ணி வந்திருந்தா நாங்கல்லாம் வீராம்பட்டினம் கடல்ல மீனோட மீனா போயிருப்போம். எங்க வூட்ல முட்டிதாம்மா. நைட்டியத் தூக்கிச் சொருகிக்கினு நடந்தோம், அவ்ளோதான்.”

இராமதாஸ் கோபப்படவில்லை.

போன புயலுக்குப் பிறகு கல்லூரிப் பிள்ளைகள் கைப்பேசியுடன் வீடு வீடாகப் போய்க் கேட்ட கேள்வி அது. உங்கள் வீட்டில் தண்ணீர் எவ்வளவு வந்தது? கணுக்கால், முட்டி, இடுப்பு, மார்பு, கழுத்து. ஐந்தில் ஒன்றைத் தொட்டால் போதும், சென்டிமீட்டர் கணக்கைக் கணினி போட்டுக்கொள்ளும். கழுத்து என்றால் நூற்று நாற்பது.

அந்தப் பதில்களை நகரத்தின் வரைபடத்தில் ஏற்றுவது மெரினின் வேலை. மூடிக் கிடக்கும் மில்லுக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சந்து முழுக்க வெளிர்நீலமாக வந்தது. நடுவில் இந்த ஒரு வீடு மட்டும் கருநீலம், தெரு நடுவே கிணறு வெட்டிவைத்ததுபோல.

“யாரோ கைதவறி அழுத்தியிருக்காங்க. எடுத்துடு,” என்றார் அவளுடைய மேலதிகாரி கோபிநாத்.

படம் நாளைக் காலை கூட்டத்துக்குப் போகிறது. அடுத்த மழைக்கு மீட்புப் படகு எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். கருநீலத்துக்கு முதல் படகு. வெளிர்நீலத்துக்குக் கடைசி. போன தடவை இந்தச் சந்துக்குப் படகு வந்தது மூன்றாம் நாள்.

அழிப்பதற்கு முன் ஒருமுறை நேரில் பார்த்துவிடலாமே என்று அளவு நாடாவோடு வந்திருந்தாள் மெரின்.

“உள்ள வந்து சுவத்த அளந்துக்கட்டுமா?”

இராமதாஸ் சற்றுத் தயங்கினார். பிறகு வழிவிட்டார்.

சுவரில் வெள்ளத்தின் கறை ஒரே நேர்கோடாக நின்றிருந்தது. தரையிலிருந்து நாடாவைப் பிடித்தாள். ஐம்பத்திரண்டு.

அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் யோசித்தாள்.

“அம்பத்திரண்டுதான் ஐயா இருக்கு. உங்களுக்கு இது முட்டிகிட்டதான வரும்?”

“எனக்குன்னு நான் எங்க சொன்னேம்மா?”

உள்ளறைக்குக் குறுக்கே தொங்கிய பழைய புடவையை அவர் ஒதுக்கினார்.

தரையில் ஒரு மெத்தை. அதில், தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சுவரில் சாய்ந்தபடி அவர் மனைவி ஆதிலட்சுமி. ஆறு வருடமாக வலது கையும் வலது காலும் விளங்கவில்லை. கட்டிலில் படுக்கவைத்தால் உருண்டு விழுந்துவிடுகிறார் என்பதால் படுக்கை தரைக்கு வந்திருந்தது.

புயலன்று இராமதாஸ் இதே நகரத்தின் மறுகோடியில், மேட்டுப்பாளையத்துக் கம்பெனி ஒன்றின் கேட்டில் காவல் வேலையில் இருந்தார். மாற்று ஆள் வரவில்லை. பஸ்ஸும் ஓடவில்லை. விடிந்ததும் தண்ணீரில் இறங்கி நடக்க ஆரம்பித்தவர் வீடு வந்து சேர மதியமாகிவிட்டது.

“கதவத் தள்ளிக்கினு வந்து பாக்குறேன், கழுத்து வரைக்கும் நிக்குது. போறப்ப படுத்திருந்தவ. எப்படி எழுந்து உக்காந்தான்னு இன்னிக்கு வரைக்கும் சொல்ல மாட்டேங்கறா.”

அப்படியே வாரித் தூக்கிச் சமையல் மேடையில் உட்காரவைத்ததாகச் சொன்னார். இரண்டு நாள் ஆதிலட்சுமி அங்கேயேதான் இருந்தாராம். மேடையில் இருந்தபடியே, டீயில் சர்க்கரை அதிகம் என்று திட்டினாராம்.

“கழுத்து இல்ல,” என்றார் ஆதிலட்சுமி. வாய் ஒரு பக்கம் கோணினாலும் சொல் தெளிவாக வந்தது. இடது கையைத் தூக்கித் தோளுக்குக் கீழே வைத்துக் காட்டினார். “இங்கதான் இருந்திச்சி. இந்த ஆளு எதையும் கூட்டித்தான் சொல்லுவாரு.”

“இருந்துட்டுப் போவட்டும்டி. எனக்கு அப்படித்தான் தெரிஞ்சிது.”

மெரின் மெத்தையின் ஓரத்தில், ஆதிலட்சுமியை ஒட்டித் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். எதிர்ச் சுவரில் அந்தக் கோடு, நின்று பார்த்தபோது இருந்ததைவிட வெகு உயரத்தில் இருந்தது.

கைப்பேசி அடித்தது. கோபிநாத்.

“என்னம்மா, அழிச்சிட்டியா?”

“இல்ல சார். தண்ணி அம்பத்திரண்டுதான், அத மாத்திடறேன். ஆனா படகு இங்கதான் முதல்ல வரணும். இன்னொரு கேள்வி சேத்து எல்லா வீட்டுலயும் திரும்பக் கேக்கணும் சார். நாளைக்குப் படம் தர முடியாது.”

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“என்ன கேள்வி?”

மெரின் சொற்களைத் தேடினாள்.

பக்கத்திலிருந்து ஆதிலட்சுமி அவள் முழங்கையைத் தொட்டார்.

“யாருக்கு எவ்ளோன்னு கேளும்மா.”