கொரியாக் குளிர்

சுகுமாறனுக்குக் காது மடல்கள் வலித்தன. தலையில் துண்டு, அதன் மேல் கம்பளித் தொப்பி, மூக்கு வரைக்கும் கழுத்துத்துணி என்று சுற்றியும் சைக்கிளை மிதித்தால் காற்று ஊசி மாதிரி உள்ளே இறங்கியது. புருவத்தில் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது.

சைக்கிளை நிறுத்தினான். ஹேண்டிலில் தொங்கிய தேநீரை ஓர் உறிஞ்சு உறிஞ்சினான், ஆறிப்போயிருந்தது. கையுறையைக் கழற்றி, சொந்த ஊரான ஜெஞ்சாரோம் வீட்டுக்கு வீடியோ கால் போட்டான்.

அக்கா தாமரைதான் எடுத்தாள். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லி, அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று நாளாகிவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லாரும் வாயில் பால் விட்டுப் பார்த்தார்களாம். அப்பா உதட்டைத் திறக்கவே இல்லையாம்.

“உனக்காகத்தான்டா உசுரப் புடிச்சிக்கிட்டுக் கெடக்குறாரு. டிக்கெட் என்னாச்சு?”

லீவு கேட்டிருக்கிறேன், இங்கே பனி கொட்டுகிறது, பிளைட் எல்லாம் கேன்சல் என்று முனகினான். போன வாரம் சொன்னதும் அதைத்தான்.

ஐந்து மாதத்துக்கு முன் அவன் கொரியாவுக்குக் கிளம்பியபோது, அப்பா தாமான் குடியிருப்பு முழுக்கக் கூப்பிட்டு ஆடு வெட்டிச் சோறு போட்டார். செம்பனைத் தோட்டத்தில் குலை தூக்கியே முதுகு வளைந்த மனிதர். மகன் அந்த ஊர்க் குளிரில் கண் மட்டும் தெரிய மூடிக்கொண்டு சைக்கிளில் வேலைக்குப் போகிறான் என்று, படுக்கையில் விழும்வரை பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா போனை அப்பாவின் பக்கம் திருப்பினாள். “கொள்ளக்காரன் மாதிரி மூடிக்கிட்டு நின்னா அவருக்கு எப்படித் தெரியும்? கழட்டு லா.”

இரண்டு கையும் வேண்டியிருந்தது. போனைச் சைக்கிளின் முன்கூடையில் சாய்த்து நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் உருவினான். காது நெருப்பாக எரிந்தது.

அப்பாவின் கண் அவன் முகத்தில் வெகுநேரம் நின்றது. பிறகு மெதுவாக அவனைவிட்டுச் சற்றுத் தள்ளிப் போய், அங்கேயே நின்றது.

அக்காவும் குனிந்து அதே இடத்தைப் பார்த்தாள். அவள் குரல் இறங்கிவிட்டது.

“ஏன்டா சுகு, கொரியாவுல யாரு நம்மூரு மாதிரி பிளாஸ்டிக் பையில தே கட்டிக் குடுக்குறா?”

சிவப்புக் கயிறு, முடிச்சு, குத்திய ஸ்ட்ரா. மறைக்கக் கை போனது, பாதியிலேயே நின்றுவிட்டது.

போய் இறங்கிய விமான நிலையத்திலேயே அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆடு வெட்டியவர் முகத்தில் விழிக்கக் கூசி, ஷா ஆலத்தில் மீன் உறைய வைக்கும் கிடங்கில் சேர்ந்துகொண்டான். அந்த நீளக் கிடங்குக்குள் சைக்கிளில் போய்ப் பெட்டி எண்ணும் வேலை. இரும்புக் கதவுக்கு வெளியே வெயில் கொளுத்தியது. வீடு முக்கால் மணி நேரத் தூரம்.

“அக்கா...” என்றான்.

“வெளக்கம் எல்லாம் அப்பறம். அப்பா வாயத் தொறந்து வச்சிருக்காரு. உன் கையால ஒரு வாய்ப் பால் பாக்கி, வா.”