சட்டைப்பையில் சௌந்தரம்

தன் மனைவி சௌந்தரத்தின் நெஞ்சில் வைத்த இதயத் துடிப்புக் கருவிக்கு நிரல் எழுதியவர் எங்கள் குழந்தைவேலுதான். சொகுசான கணினி மொழிகள், வேலை முடிந்தும் நினைவகத்தில் இடத்தை அடைத்துக் கிடக்கும் தம் குப்பையைத் தாமே கூட்டிக்கொள்ளும். கூட்டுகிற நேரம் வேலை சற்று நிற்கும். "அதுவரைக்கும் இவ நெஞ்சு காத்திருக்குமாய்யா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, எடுத்த நினைவக இடத்தையெல்லாம் நாமே விடுவிக்க வேண்டிய பழைய மொழியில் எழுதினார். அந்த அம்மா போனபின், சிதைத் தீயில் வெடிக்கும் என்று மருத்துவமனையில் கருவியைக் கழற்றிக் கொடுத்தார்கள். அது அவர் சட்டைப்பையில் இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறது. சர்க்கரை நோய்க்காரரான அவர் காபியில் சர்க்கரை போட்டால் வேகமாகத் துடிக்கிறது. நானே தொட்டுப் பார்த்தேன்.

"அதை நிறுத்திடுங்கப்பா," என்று மகள் அழுதாள்.

"இந்த மொழியில எதுவும் தானாப் போகாதும்மா. நாமதான் விடணும்," என்றவர், இன்னொரு கரண்டி சர்க்கரையை எடுத்துப் போட்டார்.